வரையாமல் விட்ட கை

ஓய்வு பெற்று தென்காசிக்குக் குடிவந்த மூன்றாம் நாளே எதிர்வீட்டு செல்லையா அண்ணாச்சி என்னை விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதிரில் இருப்பவரிடம் நாலு கேள்வி கேட்காமல் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி இறங்காது.

"சினிமாவுல என்ன வே வேல பாத்தீரு?"

"ரோட்டோஸ்கோப், அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"மொதல்ல நெசமான ஆள வச்சு கேமராவுல எடுப்பாங்க. அப்புறம் அந்தப் படத்து மேலயே, ஒவ்வொரு ஃபிரேமா, நாங்க வரைவோம். வரைஞ்சது மட்டும்தான் தியேட்டர்ல வரும். எடுத்தது வராது. சின்னப் பிள்ளைகளுக்கு இல்ல, பெரியவங்க பாக்குற படம்."

அண்ணாச்சி காப்பியைக் கீழே வைத்தார். "அதான் ஏற்கெனவே எடுத்தாச்சுல்லா? பெறகு எதுக்கு அதுமேலயே வரையணும்? எழுதி முடிச்ச எஃப்.ஐ.ஆர் மேல தாளப் போட்டு மறுபடி எழுதுத மாதிரில்லா இருக்கு. அதுவும் பெரியவங்க பாக்குத படம்னு சொல்லுதீரு. பொம்மையா வரைஞ்சா எவன் வே நம்புவான்?"

நான் அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போன மாதம் பழைய ஆபீசிலிருந்து திவ்யா போன் செய்தாள். என்னிடம் நான்கு வருடம் வேலை பார்த்த பெண். இப்போது வந்திருக்கும் சாஃப்ட்வேர், வீடியோவைக் கொடுத்தால் தானே வரைந்துவிடுகிறதாம். "கை நடுக்கம், தேவையில்லாத அசைவு எல்லாத்தையும் அதுவே வழிச்சு எடுத்துடுது சார். நீங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? எங்க பசங்களுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். யோசித்துப் பார்த்தால் அண்ணாச்சியின் கேள்விக்கும் அவளுடைய கேள்விக்கும் என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான். அது குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் மாடசாமி அண்ணாச்சியின் வலது கை.

நான் ஓவியம் படித்ததும், விளம்பரத்துக்குப் பல்பொடி டப்பாவை டான்ஸ் ஆட வைத்ததும் யாருக்கும் தேவையில்லாத கதை. கம்ப்யூட்டர் வந்த பிறகு பதினைந்து வருடம் கதாநாயகர்களின் தலைமுடியைச் சுற்றிக் கோடு போட்டேன். அவர்கள் கயிற்றில் தொங்குவார்கள். கயிற்றையும் பின்னால் இருக்கும் பச்சைத் துணியையும் எடுத்துவிட்டு ஆளை மட்டும் வெட்டித் தர வேண்டும். அதற்கும் ரோட்டோ என்றுதான் பெயர். அதில் கலை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் சம்பளம் இருக்கிறது என்று சொல்வேன்.

அப்புறம்தான் ஜோசப் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஜோசப் சாருக்கு செங்கோட்டையைத் தாண்டி புனலூர்ப் பக்கம். பாதி தமிழ், பாதி மலையாளம். போதும் என்பதற்கு "மதி, மதி" என்பார். ஆள் ஒல்லி, மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்த அசைவை வரையப்போகிறோமோ, அதை முதலில் வராந்தாவில் போய் நாமே செய்து காட்ட வேண்டும். செய்து காட்டாதவன் பேனாவைத் தொடக் கூடாது.

இது கேட்பதற்கு நன்றாக இருக்கும். செய்யும்போது மானம் போகும். ஐம்பது வயசில் நான் அந்த வராந்தாவில் குத்தவைத்துப் பாத்திரம் விளக்கியிருக்கிறேன், முக்காடு போட்டு அழுதிருக்கிறேன், பஸ்ஸைத் துரத்தியிருக்கிறேன். கூரியர் கொண்டு வருபவர் எங்களை ஏதோ மனநல விடுதி என்று நினைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கும்போது ரொம்ப அன்பாகப் பேசுவார். ஜோசப் சார் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். தப்பு என்றால் திட்டுவதோடு விட மாட்டார். எழுந்து வந்து தானே செய்வார். "எழுந்திரிக்கிறப்ப உன் பாரம் எங்கே இருக்கு? முட்டியிலயா, இடுப்புலயா? அதை முதல்ல கண்டுபிடி. மூஞ்சி அப்புறம்" என்பார். அவர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை. என் அப்பாவிடம் கூட நான் அவ்வளவு திட்டு வாங்கியதில்லை.

நான் ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு டைரக்டர் அம்மா வந்தார். தப்பித்தவர்களைப் பற்றி ஒரு படம். விபத்திலும் வெள்ளத்திலும் உயிர் பிழைத்து, அதை வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் பேசுவார்கள். ஆனால் முகம் தெரியக் கூடாது என்பது எல்லோருடைய நிபந்தனை. முகத்தை மங்கலாக்கிக் காட்டினால், பார்க்கிறவனுக்குக் குற்றவாளியைப் பார்ப்பது போல இருக்கும். நடிகர்களை வைத்து எடுத்தால் நடிப்பாகிவிடும். அதனால் அவர்களை வீடியோ எடுத்து, அதன்மேல் வேறு முகம் போட்டு வரைந்து, குரலையும் அந்தந்த ஊர்க்காரர்களை வைத்துத் திரும்பப் பேசவைப்பது என்று முடிவாயிற்று. பெயர் போய்விடும், முகம் போய்விடும், குரல் போய்விடும். அந்த ஆளுடையது என்று மிஞ்சுவது உடம்பு அசைகிற விதம் மட்டும்தான்.

எனக்கு வந்த பகுதியைத் திறந்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் ஊர்ச் சாரல், பின்னால் குற்றாலத்து லாட்ஜ் சுவர். ஸ்டூலில் உட்கார்ந்து பேசுகிறவர் மாடசாமி அண்ணாச்சி. அருவிக்கரையில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. அறுபது வயதிருக்கும். தோள் இரண்டும் மரக்கட்டை. இடையிடையே நிறுத்தி, நாலு நிமிடத்தில் அவர் சொன்னது இதுதான்:

"தண்ணி விழுத சத்தம் மாறிச்சு. அது மாறிச்சுன்னா ஓடணும், எங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாதுல்லா, நின்னு குளிச்சிட்டிருந்தாங்க. ஒருத்தருக்கு முதுகுல தேச்சிட்டிருந்தேன், அப்படியே விட்டுட்டுத் தண்ணிக்கு ஓடுனேன். வெள்ளத்துல ஒரு ஆளு அடிச்சிட்டு வாராரு. மணிக்கட்டப் புடிச்சேன். நல்லாத்தான் புடிச்சேன். எண்ணெக் கையி. வழுக்கிட்டு."

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக அவர் யாரிடமும் சொல்லாதது.

டைரக்டர் அம்மா எனக்குத் தனியாக இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு எண்ணெய் தேய்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் தண்ணீருக்கு ஓடினார்கள். மாடசாமி அண்ணாச்சி இரண்டு பேரைக் கரையில் இழுத்துப் போட்டார். அதற்காக ஒரு அதிகாரி அவருக்குச் சால்வை போட்டார். அந்தப் போட்டோ அவர் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அவருடைய மனைவி இசக்கியம்மாள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்படுவாராம். மூன்றாவது ஆள் விஷயம் மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் அந்தப் போட்டோவை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பயம். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று அந்த இரண்டு பேர் கதையைப் படத்தில் சேர்க்கவே இல்லை.

வேலையை ஆரம்பித்தேன். ஒரு நொடிக்கு இருபத்துநாலு ஃபிரேம். ஒன்று விட்டு ஒன்று வரைவோம், ஆக நொடிக்குப் பன்னிரண்டு படம். முதலில் தோள், முதுகெலும்பு, இடுப்பு என்று மூன்று கோடு மட்டும். அதில் ஆளின் பாரம் வந்துவிட்டால்தான் மேலே போவோம். இரண்டு படங்களில் ஒரே கோட்டை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் ஒரு மயிரிழை தள்ளித்தான் விழும். அதனால் ஓடவிட்டால் கோடு லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அது சொல்லும்.

இரண்டாம் நாள்தான் அந்த வலது கையைக் கவனித்தேன். பேசும்போதெல்லாம் அவர் உள்ளங்கையைத் தொடையில் வைத்துத் துடைக்கிறார். தொடையின் மேலிருந்து முட்டிவரை ஒரு இழுப்பு, முட்டியில் ஒரு நொடி நிற்கும், விரல் மடங்கும், திரும்ப மேலே போகும். எண்ணெய் தேய்ப்பவர்கள் கையைத் துடைப்பார்கள்தான். ஆனால் பேட்டி எடுத்த அன்றைக்கு அவர் கையில் எண்ணெய் இல்லை.

முகத்தையும் குரலையும் மாற்றி என்ன பிரயோசனம்? குற்றாலத்தில் அவரை அறிந்த எவனும் இந்தக் கையைப் பார்த்தால் பெயரைச் சொல்லிவிடுவான். இசக்கியம்மாள் சொல்லாமல் இருப்பாரா? நான் அந்த ஊர்க்காரன், எனக்குத்தானே அந்தப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கையைத் தொடைமேல் அமைதியாக வைத்து வரைந்துவிட்டேன். வேட்டியில் வலது தொடைப் பக்கம் ஒரு கருப்பு இருந்தது. கலர் போடுகிற பெண் அது நிழலா கறையா என்று கேட்டாள். "அதையும் எடுத்துரும்மா, வெள்ளையா விட்டுரு" என்றேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் அன்றைக்கு ஒரு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வராந்தாவில் நான் அந்த அசைவைச் செய்து காட்டவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவதில் செய்து காட்ட என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஜோசப் சார் என் பகுதியை ஒருமுறை ஓடவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, மாடசாமி அண்ணாச்சியின் வசனத்தைப் பாதி மலையாளத்தில் சொல்லிப் பார்த்தார். பாதியில் நிறுத்தினார்.

"எனக்கு வரலை. இந்த ஆள் கையை நீ என்ன செஞ்சே?"

சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நீ சொல்றது நியாயம்தான். கையை வச்சா ஆளைத் தெரியும். எடுத்தா ஆளே இல்லை. ஆனா இதை முடிவு பண்ண நீ ஆரு, நான் ஆரு? ரெண்டு மாதிரியும் வரை. எடுத்துக்கிட்டுப் போய் அவரையே கேள்."

கையோடு ஒன்று, கை அசையாமல் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், லேப்டாப்பில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். சீசன் நேரம். குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. அருவிக்கரையில் மாடசாமி அண்ணாச்சி ஒரு தடித்த மனிதரின் முதுகில் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "இந்தா, இந்த மலைய ஏறி எறங்கிட்டு வாரேன்" என்றார். மலை சிரித்துக்கொண்டது.

லாட்ஜ் அறையில் அவரை உட்காரவைத்து, முதலில் கை அசையாததைப் போட்டேன். மூக்கு வேறு, மீசை வேறு, குரல் வேறு. கவனமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவன் பொய் சொல்லுதான்."

"இது நீங்க சொன்னதுதான் அண்ணாச்சி. ஒரு வார்த்தை மாறல."

"வார்த்த சரிதான். ஆளப் பாத்தா நம்பிக்க வரமாட்டேங்கு. பேப்பர்ல படிச்சதச் சொல்லுத மாதிரி சொல்லுதான். இவனுக்கு வலிக்கவே இல்லைய்யா."

இரண்டாவதைப் போட்டேன். கை துடைக்க ஆரம்பித்தது. அவர் முதலில் திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் தொடையைப் பார்த்தார். அங்கே அவருடைய கை அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. சட்டென்று நிறுத்தி, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இப்படியா செய்யுதேன்?"

"ஆமா அண்ணாச்சி."

"எப்பவுமா?"

இருபத்திரண்டு வருடமாகச் செய்துகொண்டிருப்பது அவருக்கே தெரியாது. கேமரா அதை எடுத்துத்தான் வைத்திருந்தது. ஆனால் அந்த வீடியோவை அவருக்கு முன்பே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதில் அவர் தன் முகத்தை, நரையை, பின்னால் காயும் துண்டைத்தான் பார்த்திருக்கிறார். நாங்கள் அதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு கையை மட்டும் மிச்சம் வைத்த பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது. ஏன் எடுத்த படத்தின் மேல் வரைய வேண்டும் என்று கேட்ட செல்லையா அண்ணாச்சிக்கு நான் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்.

"எங்க வீட்டுக்காரி பாத்தா கண்டுபிடிச்சிருவா" என்றார்.

"கண்டுபிடிச்சிருவாங்க. அதான் எடுத்துட்டேன். நீங்க வேண்டாம்னா மொதல்ல போட்டதையே வச்சிருதோம். டைரக்டரும் சரின்னுட்டாங்க."

யோசித்தார். வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், எண்ணெய் தேய்க்க ஆள் காத்திருக்கிறதாம். "இருங்க, வாரேன்" என்று போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கதவுப் பக்கமே நின்றார்.

"கையோடயே வரைங்க. அந்தாளு செத்துப்போனாரு. அதப் பொய்க்காரன் வாயால சொல்லக் கூடாது. வீட்டுல வாரது வரட்டும்."

நான் ஆபீஸ் திரும்பிய அன்று முதல் வேலையாக ஸ்டூலை வராந்தாவுக்கு எடுத்துப் போனேன். நாள் முழுக்கத் தொடையைத் துடைத்தேன். நாலு நிமிடப் பேச்சில் அவர் பதினொரு தடவை துடைக்கிறார். பதினொன்றும் ஒன்றுபோல இல்லை. தண்ணீர்ச் சத்தத்தைச் சொல்லும்போது மெதுவாக, ஓடியதைச் சொல்லும்போது அழுத்தமாக. "நல்லாத்தான் புடிச்சேன்" என்ற இடத்தில் துடைக்கவே இல்லை. கை தொடையைவிட்டு அரையடி மேலே எழுந்து, விரல்கள் மூடி, அப்படியே நிற்கிறது. முன்பு வரைந்தபோது இதை நான் பார்க்கவில்லை. துடைப்பதை எடுக்க வேண்டும் என்ற குறியில் இருந்தவனுக்கு, துடைக்காமல் நின்ற இடம் எப்படித் தெரியும்?

அந்த இடத்துக்கு மட்டும் பதினாறு படம். கைக்குள் எதுவும் இல்லை, ஆனால் ஒரு மணிக்கட்டு அளவுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை விரல்கள் நெருக்கிவிடாமல் வரைய வேண்டும். நாலு நாள் ஆனது. வேட்டிக் கறையையும் திரும்ப வைத்தோம். ஜோசப் சார் பார்த்துவிட்டு "மதி" என்றார். இரண்டாவது "மதி" வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

திவ்யாவுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த சாஃப்ட்வேர் மேல் கோபம் கிடையாது. கதாநாயகர்களின் தலைமுடியை அது வெட்டட்டும், சந்தோஷம். தேவையில்லாத அசைவு என்று அது எடுத்துவிடுவதை நான் என் சொந்தக் கையால், நல்ல எண்ணத்தோடு, வடை தின்றுகொண்டு எடுத்தேன். எது தேவையில்லாதது என்று முடிவு செய்வதற்கு முன்னால் உன் பசங்களை ஒரு தடவை வராந்தாவுக்கு அனுப்பு. கூரியர்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

நான் ரிட்டயர் ஆகி வந்த அடுத்த வருடம், படத்தை தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டார்கள். மாடசாமி அண்ணாச்சி மனைவியையும் கூட்டி வந்திருந்தார். எதற்கு என்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை, தெரிந்தவர் படம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இசக்கியம்மாள் முன்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்தார். மாடசாமி அண்ணாச்சி கடைசி வரிசையில் எனக்கும் செல்லையா அண்ணாச்சிக்கும் நடுவில்.

அவர் பகுதி வந்தது. முதல் துடைப்பு. முன்வரிசையில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது துடைப்பில் அந்த அம்மாவின் தலை லேசாக நிமிர்ந்தது. மூன்றாவதில் முழுக்கத் திரும்பி, இருட்டில், பின்வரிசைகளில் யாரையோ தேடினார். மாடசாமி அண்ணாச்சி குனிந்துகொண்டார். பிறகு அந்த அம்மா திரையின் பக்கம் திரும்பிக் கடைசிவரை அசையவில்லை.

விளக்குப் போட்டதும் செல்லையா அண்ணாச்சி என் பக்கம் சாய்ந்து, பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாமலே சொன்னார்: "நாப்பது வருசம் எத்தனையோ பேரு வாக்குமூலம் வாங்கிருக்கேன் வே. ஒருத்தன் கையையும் நான் பாத்ததில்ல."

வெளியே சாரல். நாங்கள் வாசலில் நின்றோம். இசக்கியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தார். கணவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் வரைஞ்சியளா?"

"ஆமா மைனி."

"எத்தன வருசமா இவரு வேட்டியில வலப்பக்கம் மட்டும் அழுக்குப் போவ மாட்டேங்குன்னு சோப்பத் திட்டிக்கிட்டு இருக்கேன், தெரியுமா?"

மாடசாமி அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் போட்டோவ எறக்கிருவோம்ட்டி" என்றார்.

"எதுக்கு எறக்கணும்? அந்த ரெண்டு பேரு பொழச்சது நெசம்தான?"

"நெசம்தான்."

"அப்ப அங்கனயே இருக்கட்டும். மூணாவது ஆளுக்கு வருசாவருசம் ஒரு வெளக்கு நான் போடுதேன். எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா." குரல் அந்த இடத்தில்தான் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாங்க, பஸ் வந்துரும்."

மாடசாமி அண்ணாச்சியின் கை தொடைக்குப் போவதை நான் பார்த்தேன். அந்த அம்மாவும் பார்த்தார். தன் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி அந்த வலது கையில் கொடுத்தார். மாடசாமி அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். இருவரும் சாரலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள். திருப்பம் வரும்வரை நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது பையைப் பிடித்துக்கொண்டிருந்தது.